மலையேறும் லொறிக்கு எந்த டிஃபரன்ஷல் ஒயில்? வொரண்டியைக் காப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினொரு வருடம் தேயிலைக் கொழுந்து லொறியும் மரக்கறி லொறியும் ஓட்டினேன். கடைக்கு வருகிறவர்கள் எஞ்சின் ஒயில் என்றால் நான்கு கேள்வி கேட்டுத்தான் வாங்குவார்கள். டிஃபரன்ஷலுக்கு மட்டும் "ஏதாவது ஒரு கியர் ஒயில் குடுங்க" என்பார்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்றுபோன பிறகு பழைய லொறிகளை வைத்தே காலம் தள்ளினோம். வொரண்டி என்ற பேச்சே மறந்துவிட்டது. 2025 இல் புது வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியதிலிருந்து திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டிஃபரன்ஷலுக்குள் ஒயில் என்னதான் செய்கிறது? மிச்சமிருக்கும் எஞ்சின் ஒயிலை ஊற்றினால் என்ன?

பின் அக்ஸலின் நடுவில் குடம்போல் உருண்டு நிற்கும் பகுதிக்குள் பெரிய கிரவுண் வீலும் சின்னப் பினியனும் இருக்கின்றன. நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்கே திருப்பி இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் கொடுப்பது இவைதான். பெரும்பாலான லொறிகளில் பினியன் கிரவுண் வீலின் நட்டநடுவுக்கு நேராக இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். இந்த அமைப்புக்கு ஹைப்பொயிட் என்று பெயர். தள்ளி இருப்பதால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருண்டு போவதோடு வழுக்கிக்கொண்டும் போகின்றன. பாரம் முழுவதும் ஒரு நகக்கண் அகலத்தில் விழும்போது சாதாரண ஒயில் பிதுங்கி வெளியே போய்விடும். இரும்பும் இரும்பும் நேரடியாக உரசும்.

அதற்காகத்தான் ஹைப்பொயிட் ஒயிலில் கந்தகமும் பொசுபரசும் உள்ள சேர்மானம் கலக்கிறார்கள். உரசும் இடத்துச் சூட்டில் அது இரும்போடு சேர்ந்து மெல்லிய பூச்சாகப் படியும். பல்லுக்குப் பதில் அந்தப் பூச்சு தேயும், மறுபடி உருவாகும். கியர் ஒயில் கேனைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நாற்றம் இந்தக் கந்தகத்தால் வருவதுதான். எஞ்சின் ஒயிலில் இந்த வேலைக்குப் போதுமான சேர்மானம் இல்லை. ஆகவே ஊற்றக் கூடாது.

ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும் கியர் ஒயில்தானே? கியர்பொக்ஸுக்கும் டிஃபரன்ஷலுக்கும் ஒரே கேனிலிருந்து ஊற்றலாமா?

லொறியோடு வரும் கைப்புத்தகம் இரண்டுக்கும் ஒன்றையே சொல்லியிருந்தால் ஊற்றலாம். இல்லையென்றால் வேண்டாம்.

ஜிஎல் என்பது கியர் ஒயிலின் தரத்தைக் காட்டும் குறி. ஜிஎல்-5 இல் அந்தக் கந்தகச் சேர்மானம் ஜிஎல்-4 ஐ விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹைப்பொயிட் டிஃபரன்ஷலுக்கு ஜிஎல்-5 தான் வேண்டும். அதில் ஜிஎல்-4 ஊற்றி, பாரத்தோடு இறம்பொடை ஏற்றத்தில் நாலு நாள் ஏற்றினால் பற்களில் கோடு விழத் தொடங்கும். எதிர்ப்பக்கமும் ஆபத்துண்டு: கியர்பொக்ஸுக்குள் கியர் மாறும்போது வேகத்தை ஒத்துவைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களைச் சில ஜிஎல்-5 ஒயில்களின் கந்தகம் அரிக்கும், கியர் விழுவது கரடுமுரடாகும். இன்னொன்று, சில ஜப்பானிய லொறிகளின் கியர்பொக்ஸுக்குக் கியர் ஒயிலே கிடையாது, எஞ்சின் ஒயில்தான் போட வேண்டும். "கியர்பொக்ஸ்தானே, கியர் ஒயில்தானே" என்று பெயரை வைத்து முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

80டபிள்யூ-90 ஆ, 85டபிள்யூ-140 ஆ? மலையில் ஓடுகிற லொறிக்குத் தடித்த ஒயில்தானே நல்லது?

கடையில் அதிகம் வாக்குவாதம் நடப்பது இதற்குத்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு கட்டியாகிறது என்பதைச் சொல்கிறது. 80டபிள்யூ ஒயிலைச் சோதிப்பது சுழியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியஸில், 85டபிள்யூவைச் சுழியத்துக்குக் கீழே 12 பாகையில். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிவதும் உண்டு. ஆனால் அந்தக் குளிர் இந்தச் சோதனைக் குளிருக்குப் பக்கத்தில்கூட வராது. எனவே நம் நாட்டில் முதல் எண்ணுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது எண்தான் விஷயம். அது 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பு. 90 என்றால் 13.5 முதல் 18.5 வரை, 140 என்றால் 24 முதல் 32.5 வரை; இவை ஒயில்காரர்கள் அளக்கும் சென்டிஸ்டோக் கணக்கு. ஒரு பிழையான எண்ணத்தை இங்கேயே திருத்திவிடுகிறேன். 90 கியர் ஒயில் 40 எஞ்சின் ஒயிலை விட இரு மடங்கு தடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 40 எஞ்சின் ஒயில் அதே சூட்டில் 12.5 முதல் 16.3 வரை இருக்கும், கிட்டத்தட்ட 90 கியர் ஒயிலின் தடிப்புதான்.

தடித்த ஒயில் பல்லுக்கு நடுவே கனமான படலமாக நிற்கும் என்பது உண்மை. அதே நேரம் அதைக் கலக்கிச் சுழற்றவே சக்தி செலவாகிறது, அந்தச் சக்தி சூடாக மாறுகிறது, டீசலும் கூடுதலாகப் போகிறது. பினியனின் முன் பெயாரிங்குக்கு ஒயில் போவது, கிரவுண் வீல் அள்ளி வீசுவது ஒரு சின்ன வழியால் ஓடி வருவதால்தான். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் காலை ஐந்து மணிக் குளிரில் லொறியை எடுத்தவுடன் தடித்த ஒயில் அந்த வழியால் மெதுவாகத்தான் வரும். ஆகவே புத்தகத்தில் 80டபிள்யூ-90 மட்டும் இருந்தால் அதையே போடுங்கள். சில புத்தகங்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று தரம் கொண்ட அட்டவணை இருக்கும். அதில் 85டபிள்யூ-140 உம் இருந்து, உங்கள் லொறி பாரத்தோடு கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் ஓடுவதென்றால், அதைத் தெரிவு செய்வது நியாயம். அட்டவணையில் இல்லாத ஒன்றை "மலைக்கு நல்லது" என்று யாரோ சொன்னதற்காகப் போடாதீர்கள். வொரண்டிக் காலத்தில் அது கம்பனியின் கையில் நீங்களே கொடுக்கும் காரணம்.

மலை றோட்டு டிஃபரன்ஷலை அப்படி என்ன செய்கிறது?

ஏற்றத்தில்தான் டிஃபரன்ஷல் கஷ்டப்படுகிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். நம் லொறிகளின் ஓட்டத்தைப் பாருங்கள். மரக்கறியும் தேயிலையும் இங்கிருந்து கீழே போகின்றன. சீமெந்து, அரிசி, மா, உரம் மேலே வருகின்றன. அதாவது பாரத்தோடு இறங்குவதும் பாரத்தோடு ஏறுவதும் நமக்கு ஒரே அளவு.

இறக்கத்தில் சின்ன கியரில், புகைவழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டு வரும்போது எஞ்சின் சில்லைச் சுற்றவில்லை, சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது. அந்த விசை பல்லின் மறுபக்கத்தில் விழுகிறது. பினியன் தள்ளப்படும் திசையும் மாறுகிறது. சமதரையில் ஓடும் லொறியில் பல்லின் ஒரு பக்கம் தேயும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறி இறங்கும் லொறியில் இரண்டு பக்கமும் தேயும். இதைக் கேட்டுவிட்டு இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். விடவே கூடாது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் உயிர் போகும். டிஃபரன்ஷலுக்கு நல்ல ஒயில் போட்டு, கியரில்தான் இறக்க வேண்டும்.

சூடும் சேர்ந்துகொள்கிறது. ஒயிலின் சூடு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது பொதுவான கணக்கு. ஏற்றத்தில் லொறி ஊர்ந்து போகும்போது அக்ஸலைக் குளிர்விக்கக் காற்றும் அடிக்காது.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது?

எல்லா லொறிக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை, உங்கள் புத்தகத்து எண்தான் எண். ஆனால் புத்தகத்தில் இரண்டு பட்டியல் இருக்கும்: சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, கடினமான ஓட்டத்துக்கு ஒன்று. இரண்டாவதைப் பலர் புரட்டிப் பார்ப்பதே இல்லை. மலைப்பாதை, முழுப்பாரம், மெதுவான ஓட்டம், அடிக்கடி நின்று புறப்படுவது, சேறும் தூசியும் – கடின ஓட்டம் என்று பொதுவாக எழுதியிருப்பது இவற்றைத்தான். தோட்டத்து மலைகளில் கொழுந்து மடுவத்துக்கு மடுவம் நின்று தொழிற்சாலைக்கு ஏறும் லொறிக்கு இதில் ஒன்றுகூடத் தப்பாது. உங்கள் பட்டியல் இரண்டாவதுதான். வொரண்டி கேட்டுப் போகும்போது கம்பனி எடுத்துப் பார்ப்பதும் அதுவாக இருக்கலாம்.

புது லொறிக்குச் சில கம்பனிகள் முதல் ஒயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்கின்றன. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் தூள் அதில் கலந்திருக்கும். அந்த முதல் மாற்றத்தைத் தவறவிடாதீர்கள். கிரவுணும் பினியனும் புதிதாகப் போட்ட பழைய லொறிக்கும் அப்படித்தான். முதல் சில நாட்கள் பாரத்தைக் குறைத்து ஓட்டி, ஒயிலைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

சிந்தெடிக் ஒயில் அந்த விலைக்குப் பெறுமதியா?

சூட்டைத் தாங்கும், அதிக நாள் உழைக்கும், குளிரில் இலகுவாக ஓடும். தூரப் பயணம் போகும் பெரிய லொறிக்குப் பெறுமதி உண்டு. ஆனால் சிந்தெடிக் போட்டுவிட்டோம் என்று நீங்களாகவே மாற்றும் காலத்தை இரட்டிப்பாக்கினால் வொரண்டியில் கேள்வி வரும். கொழுந்து லொறிக்கு என்றால், நல்ல சாதாரண ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கள் என்றே நான் சொல்வேன்.

எல்எஸ் என்று எழுதிய ஒயில் யாருக்கு?

வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷல் உள்ளவர்களுக்கு. சில பிக்கப்புகளிலும் ஜீப்புகளிலும் அப்படி வரும். அதற்குள் கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. சாதாரண ஜிஎல்-5 போட்டால் வளைவில் திரும்பும்போது அவை பிடித்துப் பிடித்து விட்டு அதிரும், முணுமுணுக்கும். அக்ஸலில் அல்லது புத்தகத்தில் எழுதியிருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள். சுவிட்சால் பூட்டும் டிஃப் லொக் வேறு விஷயம். அதற்குப் பெரும்பாலும் இந்த ஒயில் தேவைப்படாது.

கம்பனியின் பெயர் போட்ட ஒயிலைத்தான் வாங்க வேண்டுமா? வேறு பிராண்ட் போட்டால் வொரண்டி போய்விடுமா?

புத்தகத்தில் உள்ள சொற்களைப் பொறுத்தது. மூன்று விதமாக எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, தரம் மட்டும்: "ஜிஎல்-5, 80டபிள்யூ-90 அல்லது இணையானது". இதற்கு அந்தத் தரமுள்ள எந்த நல்ல பிராண்டும் போதும். இரண்டாவது, கம்பனியின் சொந்த அனுமதி எண்: மேன் 342, மெர்சிடிஸ் பென்ஸ் 235.0, இசட்எஃப் டிஈ-எம்எல் 05 போன்றவை. அந்த எண் கேனின் பின்பக்கம் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, அதற்கு முன்னால் உள்ள சொல்லையும் படியுங்கள். அப்ரூவ்ட் என்று இருந்தால் வாகனக் கம்பனி அந்த ஒயிலைப் பார்த்து அனுமதி கொடுத்திருக்கிறது. மீட்ஸ் என்றோ சூட்டபிள் என்றோ இருந்தால் ஒயில் கம்பனி தானாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த ஒயில் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் வொரண்டி மேசையில் இரண்டு சொல்லுக்கும் எடை வேறு. மூன்றாவது, "எமது ஒயில் மட்டும்" என்ற நிபந்தனை. அப்படி எழுதிய கையேட்டில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், வொரண்டி முடியும் வரை அதையே வாங்குவதுதான் பாதுகாப்பு. "பரிந்துரைக்கிறோம்" என்பது வேறு, "வேண்டும்" என்பது வேறு என்பதையும் கவனியுங்கள்.

யூடியூபில் பார்த்துவிட்டு, "எந்த பிராண்ட் போட்டாலும் வொரண்டியை மறுக்க முடியாது, சட்டம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்தச் சட்டம் அமெரிக்காவின் 1975 ஆம் ஆண்டுச் சட்டம். தங்கள் பெயர் போட்ட பொருளையே பாவிக்க வேண்டும் என்று வொரண்டியோடு கட்டிப்போடுவதை அது அங்கே தடுக்கிறது. இங்கே அது செல்லாது. இங்கே உங்களுக்கும் லொறியை விற்ற கம்பனி முகவருக்கும் நடுவே இருப்பது அந்த வொரண்டிக் கையேடு. முன்பக்கத்துப் படங்களை விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

சந்தேகம் இருந்தால் முகவருக்கு மின்னஞ்சலோ கடிதமோ அனுப்புங்கள்: "இந்த மொடல், இந்த சசி இலக்கம், இந்த ஒயிலைப் பாவிக்கலாமா?" என்று இரண்டு வரி போதும். எழுத்தில் வந்த பதிலைக் கையேட்டோடு சேர்த்து வையுங்கள். வாயால் சொன்னவர் அடுத்த வருடம் அந்த வேலையில் இருக்க மாட்டார்.

வெளிக் கராஜில் ஒயில் மாற்றினால்?

இலவச சேர்விஸ் கூப்பன்களைக் கட்டாயம் முகவரிடமே செய்யுங்கள். அதற்குப் பிறகு வெளியே செய்யலாமா என்பதும் கையேட்டில்தான் இருக்கிறது. அனுமதி இருந்தால் பற்றுச்சீட்டில்தான் எல்லாம் நிற்கிறது.

என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய லொறியில் வொரண்டி முடிய நான்கு மாதம் இருக்கும்போது பினியன் பெயாரிங் ஊளையிடத் தொடங்கியது. ஒயிலைச் சரியாகத்தான் மாற்றியிருந்தார், சரியான ஒயில்தான். கேனை நானே எடுத்துக் கொடுத்தேன். ஆனால் கராஜ் பில்லில் "ஒயில் சேன்ஜ்" என்று ஒரே ஒரு வரி. எந்த ஒயில், எத்தனை லீற்றர், மீற்றர் எண் என்ன, எந்த லொறி – ஒன்றும் இல்லை. எஞ்சின் ஒயிலா டிஃபரன்ஷல் ஒயிலா என்றுகூட அந்த பில்லிலிருந்து தெரியவில்லை. விற்ற இடத்தில் மறுத்துவிட்டார்கள். அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. பெயாரிங், சீல், கூலி எல்லாம் அவர் கைக்காசுதான்.

அதற்குப் பிறகு என் கடையில் பில் எழுதும் முறையையே மாற்றிவிட்டேன். திகதி, வாகன இலக்கம், மீற்றர் எண், ஒயிலின் பிராண்ட், தரம், கேனில் உள்ள தொகுதி இலக்கம், எத்தனை லீற்றர், "டிஃபரன்ஷல்" என்ற சொல் – எல்லாம் இருக்கும். கராஜ்காரரிடமும் இப்படி எழுதிக் கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். வெறும் கேனின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மீற்றரையும் போனில் படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அதையும் படமெடுங்கள்.

நானே மாற்றலாமா? எப்படி?

மாற்றலாம், வொரண்டி அனுமதித்தால். நம் ஊரில் முதல் பிரச்சினை சமதரை. பாதிக் கராஜ்கள் சரிவில் இருக்கின்றன. ஒயில் ஊற்றும் துவாரத்தின் கீழ் விளிம்பு வரைதான் அளவு. லொறி மூக்கைத் தூக்கிக்கொண்டோ ஒரு பக்கம் சாய்ந்தோ நின்றால் அந்த அளவு பொய். குறைவாக ஊற்றிவிட்டால் அடுத்த நீண்ட ஏற்றத்தில் ஒயில் பின்னால் போய்த் தேங்கி, பினியனின் முன் பெயாரிங் காய்ந்துபோகும். கூடிவிட்டால் நுரைக்கும், சூடேறும், சீல் வழியாகக் கசியும். பள்ளி மைதானத்துப் பக்கமோ தொழிற்சாலை முற்றமோ, சமமான இடமாகத் தேடிப் போங்கள்.

சில கிலோமீற்றர் ஓட்டி ஒயிலைச் சூடாக்கிவிட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். முதலில் மேலே உள்ள ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகுதான் அடிப் பிளக். மேல் பிளக் துருப்பிடித்து வராவிட்டால், அடியை ஏற்கனவே வடித்துவிட்ட லொறி நடுறோட்டில் நிற்கும்.

அடிப் பிளக்கின் முனையில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். அதில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் விட்டுக் குழைத்த திருநீறுபோல் வழுவழுப்பான சாம்பல் நிறப் பசை என்றால் சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டுப் போடலாம். கடுகு அளவுக்கு ஒரு துண்டு விரலில் உறுத்தினால் நிறுத்துங்கள். அது பல்லிலிருந்தோ பெயாரிங்கிலிருந்தோ உடைந்து வந்தது. வொரண்டியில் இருக்கும் லொறி என்றால் அந்தத் துண்டையும் கொஞ்சம் பழைய ஒயிலையும் சுத்தமான போத்தலில் போட்டு, திகதி எழுதி மூடி வையுங்கள். பிரித்துப் பார்ப்பதை முகவரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பிரித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வொஷரைப் புதிதாகப் போடுங்கள். துவாரத்தில் ஒயில் வழியத் தொடங்கும் வரை ஊற்றி, சற்று நேரம் விட்டு மறுபடி பாருங்கள்.

பழைய ஒயிலைக் காணுக்குள் ஊற்றாதீர்கள். தலவாக்கலையில் ஊற்றினால் அது மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள்.

வடித்த ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருக்கிறது. என்ன அது?

தண்ணீர் கலந்திருக்கிறது. அக்ஸலின் மேல் விரல் நுனி அளவில் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். ஒயில் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். தோட்டத்து றோட்டுச் சேறு அதை அடைத்துவிட்டால், சூட்டில் காற்று சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சூடான அக்ஸல் மழைத் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும்.

இது எனக்கே நடந்தது. பினியன் சீல் கசிகிறது என்று ஒரே வருடத்தில் மூன்று முறை சீல் மாற்றினேன். மூன்றாம் முறை ஒரு வயதான மெக்கானிக் அக்ஸலுக்கு அடியில் படுத்து, கம்பியால் அந்தக் குழாயைக் குத்தினார். காய்ந்த செம்மண் கட்டியாக விழுந்தது. அதற்குப் பிறகு அந்த லொறியில் சீல் கசியவே இல்லை. மழைக்காலம் தொடங்கும் முன் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். பால் நிற ஒயிலை உடனே மாற்றுங்கள். தண்ணீர் பெயாரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

போலி ஒயிலைக் கண்டுபிடிப்பது எப்படி?

எஞ்சின் ஒயில் கேனில் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் வட்ட முத்திரையைத் தேடுவீர்கள் அல்லவா? கியர் ஒயிலுக்கு அந்த உரிமம் கிடையாது. ஜிஎல்-5 என்று அச்சடிப்பது ஒயில் கம்பனியின் சொந்தப் பொறுப்பு. அதனால்தான் கேனில் எஸ்ஏஇ ஜே2360 என்ற கியர் ஒயில் தர எண்ணும் இருந்தால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை. அதற்கு வாகனத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு, தேர்ச்சி பெற்ற ஒயில்களின் பட்டியலும் வெளியாகிறது.

நம் நாட்டில் உராய்வுநீக்கி விற்பனையை மேற்பார்வை செய்வது இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அனுமதி பெற்ற நிறுவனங்களின் ஒயிலையே வாங்குங்கள். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றித் தரும் ஒயில் வொரண்டியில் உள்ள லொறிக்கு வேண்டவே வேண்டாம். நல்லதாகவே இருந்தாலும், அது என்ன ஒயில் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஒயிலைக் காரணம் காட்டி வொரண்டியை மறுத்துவிட்டார்கள். இனி என்ன?

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. "பிழையான ஒயில்" என்றால் எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள். அக்ஸலுக்குள் உள்ள ஒயிலில் ஒரு மாதிரியை உங்களுக்கும் தரச் சொல்லுங்கள். ஒயிலால் வரும் சேதத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: பற்களின் மேல் உரசிய கோடுகள், சூட்டில் நீலம்பாய்ந்த நிறம். வார்ப்புக் குறையால் உடைந்த பல் அப்படி இருக்காது. பிரிக்கும்போது நீங்களோ, நீங்கள் நம்பும் மெக்கானிக்கோ பக்கத்தில் நின்று படமெடுக்க அனுமதி கேளுங்கள். பாரமும் பேச்சுக்கு வரும். அனுமதித்த எடையை மீறி ஏற்றியது தெரிந்தால் எந்த ஒயிலும் உங்களைக் காப்பாற்றாது.

அதற்கும் சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ளது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்பப் பொருளோ சேவையோ இல்லை என்ற முறைப்பாட்டை அது விசாரிக்கலாம். தொலைபேசி 1977. முறைப்பாட்டை எழுத்தில், தமிழிலேயே கொடுக்கலாம். சட்டத்தில் கால எல்லை இருக்கிறது, நாள் கடத்தாதீர்கள். விற்ற பொருள் அதன் நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதை 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. அந்த வழியில் போவதென்றால் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும்.

என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் லொறி. வொரண்டி இல்லையே?

ஜப்பானியக் கம்பனியின் வொரண்டி பெரும்பாலும் உங்களோடு வராது. விற்றவர் கொடுத்த உத்தரவாதம் இருந்தால் அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகம் ஜப்பான் மொழியில் இருக்கும். மொடல் இலக்கத்தையும் அக்ஸல் தகட்டையும் வைத்து சரியான ஒயிலைக் கண்டுபிடிக்கலாம். உள்ளே என்ன ஒயில், எப்போது ஊற்றியது என்று யாருக்கும் தெரியாது. வாங்கிய வாரமே வடித்துப் புதிது ஊற்றி, அன்றைய மீற்றர் எண்ணை எழுதி வையுங்கள்.

டிஃபரன்ஷல் சத்தம் போடுகிறது. தடித்த ஒயிலோ சேர்மானப் போத்தலோ ஊற்றினால் அடங்குமா?

கொஞ்ச நாள் அடங்கும். அந்தக் கொஞ்ச நாளில் பெயாரிங் இன்னும் தேயும். எக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஊளையா, விடும்போது ஊளையா, வளைவில் மட்டும் சத்தமா என்று முதலில் கவனியுங்கள். மிதிக்கும்போது என்றால் பல்லின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். விடும்போது என்றால் மறுபக்கத்தையும் பினியன் பெயாரிங்கையும். வளைவில் மட்டும் என்றால் நடுவிலுள்ள சின்ன கியர்களையும் சில்லு பெயாரிங்கையும். இதை ஒரு தாளில் எழுதி, மீற்றர் எண்ணையும் போட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். வொரண்டி இருந்தால் சத்தம் கேட்ட அன்றே முகவரிடம் பதிவு செய்யுங்கள். காலம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது பதிந்ததும் பதிந்ததுதான். முடிந்த மறுநாள் போய் "போன மாதமே கேட்டுச்சு" என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். வொரண்டியில் உள்ள லொறிக்குப் போத்தல் சேர்மானம் எதையும் நான் விற்பதில்லை, கேட்டாலும் கொடுப்பதில்லை.

மிச்சமான பாதிக் கேன் ஒயிலை அடுத்த முறைக்கு வைக்கலாமா?

மூடியை இறுக்கி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் வைக்கலாம். மழைநாளில் ஒழுகும் தகரக் கொட்டகையில் மூடி தளர்ந்து கிடந்த கேன் வேண்டாம். திறந்த திகதியை மூடியிலேயே எழுதுங்கள். வேறு பிராண்டோடு கலக்காதீர்கள். வழியில் குறைந்துபோய் வேறு வழியில்லாமல் ஊற்ற நேர்ந்தால், அதே தரமாகப் பார்த்து ஊற்றிவிட்டு, ஊருக்கு வந்ததும் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.